மறு: ரெட்ரோஃபிட்டுக்கு ‘மறுசீரமைப்பு’ ஒத்துவராது, வேற பாக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்ங்க,

ரெட்ரோஃபிட்டுக்கு, அதாவது கட்டி முடிச்ச வீட்டுல சூட்ட மிச்சப்படுத்துற சாமான அப்புறமா சேக்குறதுக்கு, கவுன்சில் துண்டறிக்கைல போட ஒரு தமிழ் வார்த்தை கேட்டு இந்த இழைய ஆரம்பிச்சு விட்டுட்டு நானே ரெண்டு நாளா காணாம போயிட்டேன், வேலைல நைட் ஷிஃப்ட், மன்னிக்கணும். இப்ப தான் எல்லா மடலையும் படிச்சேன், ஒரே மடல்ல பதில் போடுறேன், நீளமா தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

> ‘மறுசீரமைப்பு’ ஏற்கனவே புழக்கத்துல இருக்கே, எதுக்கு புதுசா ஒண்ணு?

புழக்கத்துல இருக்கறது தாங்க பிரச்சினையே. கோயில் மண்டபத்துல இருந்து கட்சி மாவட்டச் செயலாளர் மாத்துறது வரைக்கும் எல்லாமே மறுசீரமைப்பு தான். நான் இருக்கறது லண்டன் கிழக்குப் பக்கம், கவுன்சில் துண்டறிக்கைகள தமிழாக்க அப்பப்ப கூப்பிடுவாங்க. போன குளிர்காலத்துல வந்த ஒண்ணுல (நான் செஞ்சது இல்ல) ‘வீட்டு மறுசீரமைப்பு மானியம்’னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. எங்க தெருவுல ஒரு அம்மா, யாழ்ப்பாணத்துக்காரங்க, அத மடிச்சு கைல வச்சுக்கிட்டு வந்து “தம்பி, குசினிய பெருப்பிச்சுக் கட்ட காசு தாறாங்களாம், எப்பிடி எழுதிப் போடுறது?”னு கேட்டாங்க (குசினின்னா சமையலறை). அவங்க மேல தப்பே இல்ல, அந்த வார்த்தைய படிச்சா யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. ஆனா அந்த மானியம் பரண்ல பஞ்சு விரிக்க, சுவருக்கு சூடு வெளிய போகாம தடுக்கற காப்பு (இன்சுலேஷன்) போட, கேஸ் பாய்லர எடுத்துட்டு வெளிக்காத்து சூட்ட உள்ள கொண்டுவர்ற ஹீட் பம்ப் வைக்க. குசினிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

அதனால நான் கேக்குறது இது தான். வார்த்தைய பாத்த உடனே ‘வீடு அப்படியே இருக்கும், ஆளுங்க உள்ள குடி இருக்காங்க, கட்டும்போது இல்லாத ஒண்ண இப்ப சேக்குறாங்க’ங்கறது தெரியணும். எதுவும் உடைஞ்சு போகல, அதனால பழுதுபார்ப்பு இல்ல. அழகுக்காகவும் இல்ல, அதனால புதுப்பிப்பும் இல்ல. இந்த நாட்டுல நெட் ஜீரோவ (காத்துல விடுற கரிமமும் திரும்ப எடுக்குறதும் சமமாகுற நிலை) 2050க்குள்ள எட்டணும்னு 2019லயே சட்டத்துல எழுதிட்டாங்க, வீடுகள்ல ஏறக்குறைய 85 சதவீதம் இன்னும் கேஸ்ல தான் சூடாகுது, 2050ல இருக்கப் போற வீட்டுல பெரும்பாலானது இன்னிக்கே நின்னுட்டு இருக்கு. இடிச்சுக் கட்டுறது நடக்காத கதை. இருக்கறதுலயே தான் சேத்தாகணும்.

> மீள்பொருத்தல்?

‘மீள்’ வந்தா முன்னாடி இருந்தத கழட்டி திரும்ப மாட்டுற மாதிரி ஆகுது. இங்க முன்னாடி இருக்கவே இல்லயே.

> பின்னேற்றம். சிஎன்ஜி கிட் ஏத்துறதுனு வொர்க்‌ஷாப்ல சொல்றாங்களே.

வொர்க்‌ஷாப்ல இருந்து எடுத்தது எனக்கு ரொம்ப பிடிச்சுது, ஓடிட்டு இருக்கற வண்டில கிட் மாட்டுறது அப்படியே நம்ம விஷயம் தான். ஆனா முழு வார்த்தையா பாக்கும்போது ‘பின்’னும் ‘ஏற்ற’மும் சண்டை போடுது, ‘பின்னடைவு’க்கு தம்பி மாதிரி கேக்குது.

> பின்பொருத்தம்னா கல்யாணம் ஆனப்புறம் ஜாதகம் பாக்குற மாதிரி இருக்கே :-)

சிரிச்சுட்டேன். ஆனா யோசிச்சு பாத்தா அது தானேங்க உண்மை! நூறு வருஷத்துக்கு முன்னாடி கட்டி முடிச்சு, குடித்தனமும் நடந்துட்டு இருக்கற வீட்டுக்கு இப்ப உக்காந்து பொருத்தம் பாக்குறோம். இருந்தாலும் பத்துப் பொருத்தம் ஞாபகம் வராம இருக்க ‘பின்பொருத்தல்’னு வச்சுக்கலாம். வினையா ‘பின்பொருத்து’, ‘பின்பொருத்திய வீடு’. நிலநடுக்கத்துக்காக பழைய தூண பலப்படுத்துறதுக்கும் இதே வார்த்தை ஓடும், பஸ்ஸுக்கும் ஓடும். என் ஓட்டு இதுக்கு.

அடுத்து இன்சுலேஷன். இங்க ரெண்டு பாடப்புத்தகம் மோதுது. தமிழ்நாட்டுல காப்பு, இலங்கைல காவலி. காப்புன்னா வளையல், போலீஸ் கைல மாட்டுறதுனு ஒரு நண்பர் ஆட்சேபிச்சிருந்தார். நான் கோபிசெட்டிபாளையம் பக்கம், எங்களுக்கு அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு ஞாபகம் வரும். பொங்கலுக்கு மொத நாள் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூணையும் சேத்துக் கட்டி கூரை இறவாணத்துல சொருகுவோம், அதுக்குப் பேரு காப்பு கட்டுறது. வீட்டுக்கே கட்டுறது, ஆளுக்கு இல்ல. அதனால ‘பரண் காப்பு’, ‘சுவர்க் காப்பு’னு சொன்னா எங்க அம்மாவுக்கு கூட விளக்க வேண்டியதில்ல. ஆனா துண்டறிக்கைய வாசிக்கறவங்கள்ல பாதிக்கு மேல ஈழத்தமிழர், அவங்க பள்ளிக்கூடத்துல படிச்சது காவலி. மொத தடவை வர்ற இடத்துல ‘வெப்பக்காப்பு அல்லது வெப்பக்காவலி’னு ரெண்டையும் போட்டுடலாம், அதுல எனக்கு ஒரு வீம்பும் இல்ல.

இப்ப தான் பெரிய தலைவலிக்கு வரேன், ‘ஃபேப்ரிக் ஃபர்ஸ்ட்’. மெஷின் மொழிபெயர்ப்பு ‘துணி முதலில்’னு குடுத்துச்சு. துணி! அத ஒருத்தர் அப்படியே வச்சு அனுப்பியும் இருந்தார். இங்க ஃபேப்ரிக்னா சுவர், கூரை, தரை, ஜன்னல் எல்லாம் சேர்ந்த கூடு. மொதல்ல கூட்ட இறுக்கு, அப்புறம் எதால சூடாக்கலாம்னு பாரு, இது தான் கொள்கை. ‘கூடு முதல்’னு நான் சொல்றேன். ‘கட்டுமான உறை’னு ஒரு யோசனை வந்திருக்கு, தப்பில்ல, ஆனா உறைன்னா கழட்டிடலாம் போல இருக்கு.

இதுல ஏன் இவ்வளவு நேரம் செலவழிக்கிறேன்னா, வரிசை தப்பினா வீடே கெட்டுப் போகும். என் வீடு பழைய வரிசை வீடு, நம்ம கொத்தனார் சொல்ற அதே ஒம்போது இஞ்ச் செங்கல் சுவர், நடுவுல சந்து கிடையாது. வெளிய காப்புப் பலகை ஒட்டி மேல பூசிட்டு, உள்ள காத்து போக வழி விடலேன்னா, மூணு பேர் குளிச்சு சமைச்சு மூச்சு விட்ட ஈரம் எங்க போகும்? மூலைல கருப்பு பூசணம். அடுத்த தெருவுல ஒரு வீட்டுல பாத்தேன், ஜன்னல் மேல்பக்கம் பூச்சு சரியா அடைக்காம விட்டு மழைத் தண்ணி பலகைக்கு பின்னாடி இறங்கி, அலமாரிய நகத்தினா சுவர் பூரா ஓதம், கை வச்சா பூச்சு மாவு மாதிரி உதிருது. (டாம்ப்புக்கு ‘ஈரப்பதம்’னு தயவுசெஞ்சு போடாதீங்க, அது வானிலை அறிக்கை. ஓதம்னு தங்கமான வார்த்தை நம்மகிட்ட இருக்கு.) தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபர்ல போட்ட அறிக்கைய பாத்தா அது ஒரு வீட்டுக் கதை இல்லனு தெரியுது. ரெண்டு அரசுத் திட்டத்துல வெளிச்சுவர்க் காப்பு போட்ட வீடுகள்ல 98 சதவீதத்துல சரிசெஞ்சே ஆகவேண்டிய பெரிய குறைனு மதிப்பிட்டிருக்காங்க, உள்சுவர்க் காப்புல 29 சதவீதம். திறமை பத்தாத ஆளுங்க கைக்கு சப்-கான்ட்ராக்ட் போனது ஒரு காரணமாம். இத்தனைக்கும் 2019லயே ‘பாஸ் 2035’னு தர விதி வந்தாச்சு, காத்தோட்டத்தையும் சேத்துப் பாக்கணும்னு அதுல இருக்கு. இதுக்காக ஒரு ஆளே உண்டு, ரெட்ரோஃபிட் கோஆர்டினேட்டர். ‘பின்பொருத்தல் ஒருங்கிணைப்பாளர்’, நீளம் தான், வேற வழி தெரியல.

> வெப்ப எக்கியா, வெப்பப் பம்பியா?

எக்கி நம்ம விக்கி பக்கம் ஓடுது, பம்பி இலங்கைப் பாடநூல், ஜனங்க வாயில ஹீட் பம்ப். துண்டறிக்கைல ‘வெப்பப் பம்பு’னு எழுதிட்டு கீழ ஒரு வரி விளக்கம் போடலாம்னு நினைக்கறேன்: ‘ஃப்ரிட்ஜ் பின்பக்கம் சூடா இருக்குமே, அதே வித்தைல வெளிக்காத்துல இருக்கற சூட்ட வீட்டுக்குள்ள கொண்டுவர்ற இயந்திரம்’. ஒரு யூனிட் கரண்ட்டுக்கு சுமாரா மூணு யூனிட் சூடு. ஆனா இங்க யூனிட்டுக்கு கரண்ட் விலை கேஸ விட ஏறக்குறைய நாலு மடங்கு, அதனால ஓட்டை வீட்டுல மாட்டினா பில் குறையாது, மறுபடி கூடு முதல் தான்.

பேர் வைக்கறதுல அரசாங்கமும் நம்மள விட ஒண்ணும் கெட்டிக்காரங்க இல்லீங்க. 2022 மே மாசம் ஆரம்பிச்ச மானியத்துக்கு ‘பாய்லர் அப்கிரேட்’னு பேரு, வேலை என்னன்னா பாய்லர கழட்டிப் போடுறது! 5,000 பவுண்டா இருந்தத 2023 அக்டோபர்ல 7,500 ஆக்கினாங்க. ‘பாய்லர் தரமுயர்த்தல்’னு தமிழாக்கினா புது பாய்லர் குடுக்கறாங்கனு தான் அந்த அம்மா மறுபடி என் வீட்டுக்கு வருவாங்க. திட்டத்தோட பேர மட்டும் ஒலிபெயர்த்துட்டு பக்கத்துல ‘வெப்பப் பம்பு மானியம்’னு போடணும். அதுக்கு முன்னாடி 2013ல கிரீன் டீல், இந்த வேலைக்கு வாங்குன கடன கரண்ட் பில்லுலயே சேத்துக் கட்டச் சொன்னாங்க, எடுத்தது 14,000 குடும்பம் போல, 2015ல நிறுத்தியாச்சு. 2020 செப்டம்பர்ல கிரீன் ஹோம்ஸ் கிராண்ட், இலக்கு 6,00,000 வீடு, அடுத்த மார்ச்சோட கதவ சாத்தினப்ப தேறுனது 47,500 தான் இருக்கும்னு கணக்கு. ரெண்டுலயும் ஒரு ‘கிரீன்’. ‘பசுமை வீடு’னு தமிழ்ல போட்டா தொட்டில செடி வைக்கறதுனு நினைப்பாங்க, கவனம்.

> லோ கார்பன் = குறைகரிம

‘குறை’னு வந்தா ஏதோ கோளாறு மாதிரி இருக்கு, மேல ஓதக் கதை வேற சொல்லிட்டேன். ‘கரிமம் குறைந்த சூடாக்கம்’னு விரிச்சே எழுதலாம், ஒரு சொல்லா சுருக்கி யாருக்கு என்ன லாபம்.

துண்டறிக்கை வர்ற வெள்ளிக்கிழமை அச்சுக்கு போகுது. பின்பொருத்தல், கூடு முதல் ரெண்டுக்கும் ஆட்சேபம் இருந்தா வியாழன் ராத்திரிக்குள்ள போடுங்க. ஒரு உதவியும் வேணும். கதவு ஜன்னல் சந்துல குளிர் காத்து வர்றத அடைக்கறாங்களே, டிராஃப்ட் புரூஃபிங், அதுக்கு ‘சந்தடைப்பு’னு போட்டு வச்சிருக்கேன், ‘சந்தடி’ மாதிரி கேக்குது. ஆசாரி, கொத்தனார் குடும்பத்துல இருந்து யாராவது இருந்தா வீட்டுல கேட்டு சொல்லுங்க, கண்டிப்பா ஒரு வார்த்தை இருக்கும்.