கீமோ நடுவே பதற்றம்: யாரிடம் போகலாம்?

வணக்கம். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ போய்க்கொண்டிருக்கிறது. உடம்பு ஓரளவு தாங்குகிறது, மனசுதான் தாங்கவில்லை. ஸ்கேன் தேதி நெருங்கினாலே சாப்பாடு இறங்காது. ராத்திரியெல்லாம் எழுந்து உட்கார்ந்து பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பார். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டும் தூக்கத்தைக் கெடுத்துப் படபடப்பைக் கூட்டலாம் என்பதால், அதை டாக்டரிடம் கேட்கப் போகிறோம். ஆனால் எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட முடியாது. (“தைரியமா இருங்க” என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள், அது நிறையக் கேட்டாயிற்று.)

புற்றுநோயாளிகளுக்கென்றே இருக்கும் மனநல ஆலோசகரிடம் போனவர்கள் உண்டா? சிபிடி (பதற்றம் தரும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் முறை) மாதிரியான பேச்சு சிகிச்சை பலன் தந்ததா? கீமோ அசதியில் வீடியோ காலில் பேசினால் சரிப்படுமா? அப்புறம், “எனக்கென்ன பைத்தியமா?” என்று கேட்கிற அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?