எஸ்எல்-8: மூணு நாளில் ஃப்ளாஷ் இடைவெளி இவ்வளவு குறையுமா?

மொட்டைமாடி:
1987இல் ஏவின சோவியத் எஸ்எல்-8 ராக்கெட்டோட இரண்டாம் நிலை (வேலை முடிஞ்சு விண்வெளியிலேயே தங்கிட்ட மேல்பகுதி) ஒண்ணு, சுமார் 980 கி.மீ. உயரத்துல பூமியைச் சுத்துது. 10×50 பைனாகுலர்ல பாத்துட்டு வர்றேன். அது புரண்டுக்கிட்டே போறதால சூரிய வெளிச்சம் பட்டு பளிச்சுன்னு ஒரு ஃப்ளாஷ், அப்புறம் ஆளையே காணோம், திரும்ப பளிச். ஃபோன் ஸ்டாப்வாட்ச்தான் கருவி. திங்கட்கிழமை பத்து ஃப்ளாஷ் எண்ணினேன், 81 வினாடி. அதாவது 8.1. வியாழக்கிழமை மேகம் வந்துடுச்சு, அஞ்சோட நிறுத்திட்டேன், 36 வினாடி. 7.2தான் வருது! மிச்ச எரிபொருள் கசிஞ்சு புரள்ற வேகம் கூடுதோ?

தூசுப்படலம்:
இத்தனை வருஷம் கழிச்சு, அதுவும் மூணே நாள்லயா? நம்ப முடியல. வழக்கமா நடக்கிறது இதுக்கு நேர் எதிர். உலோக உடம்பு பூமியோட காந்தப்புலத்துல புரளும்போது அதுக்குள்ள சுழல் மின்னோட்டம் உண்டாகும், அதுவே பிரேக் மாதிரி பிடிக்கும். இடைவெளி கூடத்தான் செய்யும், அதுவும் மெதுவா.

பைனாகுலர்பித்தன்:
ஸ்டாப்வாட்சை அழுத்தின ஃப்ளாஷுக்கு என்ன எண் சொன்னீங்க?

மொட்டைமாடி:
"ஒண்ணு." ஏன்?

பைனாகுலர்பித்தன்:
அங்கதான் இடிக்குது. பத்து வேலிக்கால் நட்டா நடுவுல ஒன்பது இடைவெளிதானே? 81ஐ 9ஆல வகுங்க. 36ஐ 4ஆல வகுங்க. முதல் ஃப்ளாஷுக்கு "பூஜ்யம்" சொல்லிப் பழகுங்க. நானும் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க இப்படி வீணடிச்சவன்தான்.

மொட்டைமாடி:
ரெண்டும் 9.0! மானம் போச்சு. ஆனா வியாழக்கிழமை லேப் நேரம் (ஒவ்வொரு இடைவெளிக்கும் தனித்தனியா ஸ்டாப்வாட்ச் காட்டினது) 9.2, 9.1, 8.9, 8.8. ஒரு தடவை வானத்தைக் கடக்கிறதுக்குள்ளயே குறையுதே?

தூசுப்படலம்:
கை அழுத்துறதுலயே 0.2 வினாடி முன்ன பின்ன போகும், அதனால நாலு லேப்பை வச்சு எதுவும் சொல்ல முடியாது. தவிர, அது வானத்தைக் கடக்கும்போது நாம பாக்குற கோணம் மாறிக்கிட்டே இருக்கு. சூரியன், ராக்கெட், நீங்க மூணு பேரும் இருக்கிற அமைப்புதான் எப்ப மின்னணும்னு தீர்மானிக்குது. அதனால சீரா சுத்தினாலும் ஃப்ளாஷ் கொஞ்சம் முந்தும், பிந்தும்.

பைனாகுலர்பித்தன்:
இன்னொண்ணு. அது 6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் விட்டம் உள்ள உருளை. தலைகீழா ஒரு சுத்து புரள்றதுக்குள்ள பக்கவாட்டை ரெண்டு தடவை காட்டிடும். அப்போ நிஜச் சுழற்சி 18 வினாடியா இருக்கலாம். ஒண்ணு விட்டு ஒண்ணு மங்கலா வருதான்னு பாருங்க. குறிப்புல மட்டும் கண்ணால பாத்த 9.0ஐயே எழுதுங்க, நீங்களா ரெண்டால பெருக்காதீங்க. ஸ்டாப்வாட்சையும் விடுங்க, திரை வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். குரல் ரெக்கார்டரைப் போட்டுட்டு ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் "டக்"னு சொல்லுங்க. அப்புறமா கம்ப்யூட்டர்ல ஒலி அலையைப் பாத்து நேரம் குறிச்சுக்கலாம்.

மொட்டைமாடி:
நேத்து பண்ணிட்டேன். 14 இடைவெளி, 126.3 வினாடி, அதாவது 9.02. மங்கல் எதுவும் தெரியல, எல்லாம் ஒரே மாதிரிதான் மின்னிச்சு. நாலாவது "டக்" மட்டும் பக்கத்து வீட்டு நாய்க் குரைப்புல அமுங்கிடுச்சு, மத்ததெல்லாம் சுத்தம்.