‘ப்ராவெனன்ஸ்’ – ‘மூலம்’ வேண்டாம், ‘வந்தவழி’ என்போமா?

> ‘மூலம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? சுருக்கமாகவும் இருக்கிறதே.

ஐயா, ஓர் அரும்பொருள் எங்கே கிடைத்து, யார் யார் கை மாறி வந்தது என்ற வரலாறுதான் ‘ப்ராவெனன்ஸ்’ (provenance). அதற்கு ‘மூலம்’ சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் சிலைக்குப் பக்கத்தில் ‘மூலம்’ என்று எழுதினால் மூலவர் நினைவுக்கு வருவார். மருத்துவமனையில் வருவது வேறு, அதை விடுங்கள்.

புதுக்கோட்டை சமஸ்தானம் 1910இல் தொடங்கி, இப்போது திருக்கோகர்ணத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த ஊர் அம்மன் காசு ஒன்று அங்கே வந்து சேர்கிறது. சின்னச் செப்புக்காசு, ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. இதற்கு ‘மூலம்’ எது? வெளியிட்ட சமஸ்தானமா, உழும்போது அது அகப்பட்ட வயலா, அஞ்சறைப்பெட்டியில் மூன்று தலைமுறை வைத்திருந்து கொடுத்த வீட்டாரா? மூன்றும் மூன்று செய்தி. விவர அட்டையில் ஒரே சொல்லுக்குள் மூன்றையும் அடைக்க முடியாது.

செப்புத்திருமேனிகளில் இது இன்னும் சிக்கல். வீடு கட்ட வாணம் (அடித்தளக் குழி) தோண்டும்போது கடப்பாரை ‘டங்’கென்று முட்டும். சேதி கிராம நிர்வாக அலுவலருக்கும், அங்கிருந்து வட்டாட்சியருக்கும் போகும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் விசாரித்த பிறகுதான் அருங்காட்சியகம். ஓரிடத்தில் அட்டையில் ‘வட்டாட்சியர் அலுவலகம்’ என்று மட்டும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைசிக் கை பதிவாகிவிட்டது, மண்ணைக் காணோம்!

‘மூலம்’ எங்கே கவிழும் என்பதற்கு ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசரே சாட்சி. 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 56 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியது. உடன் வந்த காகிதங்கள் பொய் என்று தெரிந்து, 2014இல் சிலை இந்தியா திரும்பியது. இதை ‘மூலம் போலி’ என்று எழுதிப் பாருங்கள், சிலையே போலி என்றாகிவிடும். சிலை அசல். வந்தவழிதான் போலி.

என் முன்மொழிவு: மண்ணில் அகப்பட்டது ‘கிடைத்த இடம்’. கொடையா, கிரயமா, பறிமுதலா என்பது ‘சேர்ந்த வகை’. பத்திரம் எழுதுபவர்கள் ‘கிரய வகையில் பாத்தியப்பட்டு’ என்று இன்றும் எழுதுகிறார்களே, அந்த ‘வகை’தான். முதல் கையிலிருந்து கடைசிக் கைவரை உள்ள தொடர் முழுவதும் ‘வந்தவழி’.

> ‘வந்த வழியைப் பார்த்துப் போ’ என்று விரட்டுவதுபோல் இருக்காதா?

திருட்டுச் சிலையை அப்படித்தானே அனுப்ப வேண்டும்! சேர்த்து ஒரே சொல்லாக எழுதினால் அந்த வாடை குறையும். ‘வந்தவழி ஆய்வு’, ‘வந்தவழி தெரியாதது’ என்று நீட்டவும் வளைகிறது.

‘கைவழி’ என்று சொன்ன தோழருக்கு: எனக்கும் முதலில் அதுதான் பிடித்தது. ஆனால் அது ஏற்கெனவே ஆற்றின் கிளைக்குப் பெயர். காவிரிக்கரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.