எங்கள் ஊர் நண்டும் கோட்டை ஒல்லாந்தர் வைத்தியசாலையும்

கல்லடியிலிருந்து ஓர் இல்லத்தரசி:

நண்டுக் கறியில் எங்கள் வீட்டாரை மிஞ்ச ஒருவரும் இல்லை என்ற எண்ணத்தோடு வளர்ந்தவள் நான். கொழும்புக் கோட்டையில், ஒல்லாந்தர் காலத்து வைத்தியசாலைக் கட்டடத்தில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய ‘மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்’ உணவகத்தைப் பற்றி, அதன் பங்காளிகளான முன்னாள் கிரிக்கெட் வீரர்கள் மகேல ஜயவர்தனவையும் குமார் சங்கக்காரவையும் கொண்டாடும் என் மகன்தான் முதலில் சொன்னான். எனக்கோ மூன்றாவது பங்காளியான சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசதான் மனதில் நின்றார். ஜப்பானியத் தாய்க்கும் இலங்கைத் தந்தைக்கும் பிறந்த அவர், அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கித் தானாகவே சமைக்கப் பழகியவர் என்று அறிந்ததும், அடுப்படியில் நின்றே கற்றவளாகிய எனக்கு அவர்மீது ஓர் உரிமையே வந்துவிட்டது.

சென்ற வருடம் மகன் அழைத்துச் சென்றான். விலைப்பட்டியலை மட்டும் என் கண்ணில் காட்டவில்லை. அரைக் கிலோவில் தொடங்கி 2 கிலோ எடையுள்ள ‘கிராப்ஸில்லா’ வரை நண்டுகளை எடைவாரியாக வகுத்திருந்தார்கள். கறி நண்டும் இருந்தது; ஒப்பிட்டுப் பார்க்கத் துணிவில்லாமல் மிளகு நண்டைக் கேட்டோம். ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகும் ‘டாஷி’ என்னும் ஜப்பானியச் சாறும் சேர்ந்த அந்தக் குழம்பில், காலை உடைத்து உறிஞ்சிய முதல் வாயிலேயே நண்டின் இனிப்புத்தான் முன்னே வந்தது. அந்தச் சமையலறையில் ஃப்ரீசரே வைப்பதில்லை என்பதற்குப் பொருள் அப்போதுதான் விளங்கியது. தேங்காய்ப்பாலும் வறுத்த தூளும் பெருஞ்சீரகமும் கூடிய என் கறியில் நண்டு எங்கே ஒளிந்திருந்தது என்று யோசித்தபடியே, பாணைக் கிழித்துச் சாற்றைத் துடைத்து உண்டேன்.

வாழைச்சேனையிலிருந்து ஒருவர்:

அக்கா, ருசியின் பாதி நண்டைத் தெரிவதிலேயே இருக்கிறது. அண்மையில் ஓடு கழற்றிய நண்டு பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் உள்ளே தண்ணீர்தான். அடிப்புறத்தைப் பெருவிரலால் அழுத்தினால் அமுங்கிவிடும். நல்ல பெரிய நண்டுகள் நெடுங்காலமாகச் சிங்கப்பூருக்கே ஏற்றுமதியாகிவந்தன. அங்கே பெயர்பெற்ற மிளகாய் நண்டுக்கு இலங்கை நண்டு என்றால் தனி மதிப்பு. அத்தகைய நண்டை நம் நாட்டிலேயே மேசைக்குக் கொண்டுவந்ததற்காகவே அந்த உணவகத்தை நான் மதிக்கிறேன்.

மீண்டும் கல்லடியிலிருந்து:

தம்பி சொன்னது சரிதான். சந்தையில் அம்மாவும் பெருவிரலால் அழுத்திப் பார்த்தே வாங்குவார். ஊர் திரும்பியபின் அந்த மிளகு நண்டைச் செய்து பார்க்க எண்ணினேன். டாஷிக்கு எங்கே போவது என்று தேடியபோதுதான், ஜப்பானியர் அதற்குப் பயன்படுத்தும் ‘கட்சுவோபுஷி’யும் நம் வீட்டு மாசியும் ஒரே சூரை மீனைப் புகையிட்டு உலர்த்தியவை என்று தெரியவந்தது. ஆகவே ஒரு துண்டு மாசியை இடித்துக் கொதிநீரில் ஊறவைத்து வடித்து, அம்மியில் தட்டிய மிளகைச் சேர்த்து, அன்று காலையில் வாவியில் பிடித்த நண்டை வேகவைத்தேன். கொழும்பில் உண்டதன் அளவுக்கு வரவில்லை; மாசியின் புகைமணம் சற்றுத் தூக்கலாக இருந்தது. அம்மா இரண்டு கால்களை ரசித்து உண்டார்; பிறகு எழுந்துபோய், மீதிச் சாற்றுக்குள் ஒரு பிடி முருங்கை இலையை உருவிப் போட்டார்.