ஈரல் கலத்தில் புரதம் சுற்றுவழியில் போவது ஏன்?

வணக்கம். மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். குடல் போன்ற உறுப்புகளின் உட்பரப்பை மூடும் மேலணிக் கலத்துக்கு இரண்டு முகம். கலத்தின் பொதிகட்டும் இடமான கொல்கியில் பிரிபடும் புரதங்களில் சில குடற்குழிப் பக்கமும் சில இரத்தப் பக்கமும் போகும். இதை எங்கள் ஊர்க் கல்லடியை வைத்துச் சொன்னேன்: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, லொறி திரும்பவேண்டிய திசை பொதியிலேயே எழுதியிருக்கும். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது.

அப்புறம்தான் வினை. எங்கோ வாசித்துவிட்டு ஒரு பிள்ளை கேட்டாள்: "ஈரல் கலத்தில் மேல்முக (பித்தப் பக்க) புரதங்கள் பல முதலில் இரத்தப் பக்கம் போய், அங்கிருந்து புடகத்தில் (சிறு பையில்) உள்ளே வந்து, பிறகுதானே பித்தப் பக்கம் போகுது. ஏன் சேர் இந்தச் சுற்று?"

நான் முழித்தேன். குடற்கலத்தில் நேர்வழியும் உண்டே! காரணத்தை எளிமையாகச் சொல்லத் தெரிந்தவர்கள் உதவுங்கள். உள்ளே வந்த புடகங்கள் போய்ச் சேரும் என்டோசோமுக்கு நல்ல தமிழ்ச்சொல், தமிழில் பெயரிட்ட படம் இருந்தாலும் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அதே வகுப்பு.