சிங்கராஜாவுல பாத்த நீலக்குருவி, ஆணா பெட்டையா?

மதுரை_பைனாகுலர்:
எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் இலங்கை போயிருந்தப்ப சிங்கராஜா மழைக்காட்டுக்குள்ள குடவ பக்கமா நுழைஞ்சோம், அரை மணி நேரம் அட்டைக்கடி மட்டும்தான், ஒரு சத்தமும் இல்ல, திடீர்னு தலைக்கு மேல தவிட்டுக்குருவி கரிச்சான்னு ஒரு பெரிய கூட்டமே வந்துருச்சு, அதுக்குள்ள சிட்டுக்குருவி சைஸ்ல பளீர்னு நீலமா ஒண்ணு, அடிவயிறு வெள்ளை, பூச்சி பறந்தா பாஞ்சு புடிக்குது. பிளாக் நேப்ட் மொனார்க்குங்கிற ஈப்பிடிப்பான் குருவிதான். ஆனா எங்கிட்ட இருக்க இந்தியப் பறவை புக்குல ஆணுக்கு தொண்டைக்குக் கீழ மெல்லிசா ஒரு கருப்புக் கோடு இருக்கு, என் போட்டோல அது இல்ல. அப்ப பெட்டைதானே? நான் பாத்த பறவைங்க லிஸ்ட்ல அப்படித்தான் போட்டிருக்கேன்.

மழைக்காட்டான்:
அந்தக் கோட்டை வச்சு முடிவு எடுக்காதேங்கோ. இந்திய ஆணுக்குத்தான் அது, எங்கட இலங்கை இனத்தில ஆணுக்கும் கழுத்துக்கோடு இல்லை. பிடரியைப் பாருங்கோ, கறுப்புப் பொட்டு இருந்தா ஆண். பெட்டைக்குத் தலைப்பக்கம்தான் மங்கின நீலம், முதுகும் செட்டையும் சாம்பல் கலந்த மண்ணிறம்.

நீங்கள் கண்ட கூட்டம்தான் சிங்கராஜாவின்ர உயிரே. செம்மஞ்சள் சொண்டுப் புலுனியள், அதுதான் நீங்கள் சொன்ன தவிட்டுக்குருவி, இலைகளைக் கிளறிக்கொண்டு போகேக்க எழும்புற பூச்சியளைக் கரிச்சான் பிடிக்கும், அதோட மற்றக் குருவியளின்ர குரலையும் எடுத்துக் கத்தும், அதைக் கேட்டு மற்ற இனங்கள் வந்து சேருது எண்டு அங்கயே செய்த ஆராய்ச்சி 2006ல வெளிவந்தது. அடுத்தமுறை ஒரு இடத்தில நிண்டு பாருங்கோ, கூட்டம் தானா உங்களைக் கடந்து போகும்.

டாப்ஸ்லிப்_ரசிகை:
எங்க ஆனைமலைப் பக்கமும் இந்தக் குருவி உண்டுங்க. உஷாரானா பிடரி முடி சட்டுனு குத்திட்டு நிக்கும், அப்ப அந்தப் பொட்டு நல்லாத் தெரியும். கிளைக் கவட்டைல சின்னக் கிண்ணமாட்டம் கூடு கட்டி, வெளிய சிலந்தி முட்டைப்பையெல்லாம் ஒட்டி வெச்சிருக்கும், பாத்தா அவ்ளோ அழகு. ஆனா கூடு கண்ணுல பட்டா தயவுசெஞ்சு கிட்டப் போகாதீங்க, போட்டோக்காக மொபைல்ல குரல் போட்டுக் கூப்பிடவும் வேண்டாங்க, குஞ்சுக்கு இரை தேடுற நேரம் வீணாப் போயிரும்.

மதுரை_பைனாகுலர்:
ரொம்ப நன்றிங்க. எடுத்த போட்டோ எல்லாத்தையும் மறுபடி பாத்தேன், ஒண்ணுல முதுகைக் காட்டி உக்காந்திருக்கு, முதுகு முழுக்க நீலம், பிடரில கருப்புப் பொட்டு தெளிவா இருக்கு. லிஸ்ட்ல ஆண்னு மாத்திட்டேன்.