லயன் வீட்டில் துவக்கு மருந்துப் பெட்டி: இடம் சொல்லுங்கள்

பண்டாரவளைப் பக்கம் காட்டுப்பன்றிக்காக அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கும் அண்ணன்மாரே, தம்பிமாரே, ஒரு உதவி வேணும்.

துவக்குப் பத்திரத்தை வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும், அது தெரிந்ததுதான். கரிமருந்து, அதாவது துவக்கில் இடும் கறுப்பு வெடிமருந்து, வெடிபொருள் சட்டத்துக்குள் வருவதால் அதற்கு அனுமதி தனி. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அது. இதற்கு விண்ணப்பித்தவர்கள், பதுளைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எந்தப் பிரிவில் கொடுத்தீர்கள்? வீட்டைப் பார்க்க ஆள் வந்தார்களா?

மற்றது பெட்டி. இரும்புப் பெட்டி வேண்டாம். கரிமருந்து திறந்த இடத்தில் புஸ்ஸென்று எரிந்து போகும். இறுக்கி மூடிய இரும்புக்குள் பற்றினால் அந்தப் பெட்டியே குண்டு. பிரித்தானியாவில் 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில், அறை அறையாகத் தடுத்துச் செய்கிறார்கள். அதே மாதிரி அடிக்க நினைப்பு. உள்ளே ஆணித்தலை தெரியக்கூடாது, மூடி இலேசாகத் திறக்க வேண்டும். மருந்து அதன் சொந்த டப்பாவிலேயே இருக்கும். மருந்தைப் பற்றவைக்கும் கேப்புகள் வேறு அறையில், வேறு பூட்டில்.

சிக்கல் இடம்தான். தோட்ட லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை, பக்கத்துக் காம்பராவில் விறகடுப்பு. வெளியே வைத்தால் மூடுபனி ஈரம். மருந்து ஈரம் குடித்தால் கட்டி தட்டும். அதை அடுப்போரம் காயவைப்பது சாவுக்கு அழைப்பு, யாரும் சொல்லித்தர வேண்டாம்!

தனிக் கொட்டில் போட்டு வைத்திருப்பவர்கள், தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா? படம் இருந்தால் போடுங்கள், பூட்டும் இடமும் தெரியாமல்.